மாமன் இலை

இலையைத் துடைத்தாகிவிட்டது. தண்ணீர் தெளித்துப் புறங்கையால் வழித்தேன், பிறகு இன்னொரு தடவை வழித்தேன். இரண்டாவது தடவை தேவையில்லாததுதான், ஆனால் அந்த நேரம் எனக்கு லாபம். கை ஏதோ செய்துகொண்டிருந்தால் வாய் சும்மா இருப்பதை யாரும் கவனிப்பதில்லை. ஆபரேசன் முடிந்த இந்த ஏழு மாதத்தில் கற்றுக்கொண்ட வித்தைகளில் இது ஒன்று. மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் முதல் வரிசையின் தலைமாட்டில் என் நாற்காலி. வலது பக்கம் மாப்பிள்ளையின் பெரியப்பா, அதற்கப்பால் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் வரிசையாக. எல்லாருடைய கையும் மடியில் இருக்கிறது. எங்கள் வகையறாவில் பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் அன்று முதல் பந்தி மாமன் பந்தி. பெண்ணின் தாய்மாமன் இலையில் கை வைத்த பிறகுதான் மற்றவர்கள் வைப்பார்கள், அவன் எழுந்த பிறகுதான் எழுவார்கள். மாமனுக்கு மனக்குறை இருந்தால் அவன் சபையில் வாய் திறக்க வேண்டியதில்லை. உட்கார்ந்து, பேருக்குத் தொட்டு, இலையை மூடிவிட்டு எழுந்தால் போதும். மாப்பிள்ளை வீட்டார் ஊர் போய்ச் சேரும் முன்னால் பேச்சு போய்ச் சேர்ந்துவிடும். இலையில் அப்படியே கிடந்தது, மாமனுக்கு என்னமோ குறை, பெண் வீட்டில் என்னமோ சரியில்லை. ஒரு இலையைப் பார்த்துக் குடும்பத்தையே படித்துவிடுவார்கள். நான் இன்று சாப்பிடக்கூடியது ஒரு சின்னக் கிண்ணம் அளவு, அதையும் அவசரமில்லாமல், மென்று மென்று. இது என் தங்கை சம்பூர்ணத்துக்குத் தெரியாது. அவள் வீட்டுக்காரர் கிட்டுசாமிக்குத் தெரியாது. இந்தக் கூடத்தில் யாருக்கும் தெரியாது. தெரிந்தவள் ஓசூரில் இருக்கும் என் மகள் பிரேமா ஒருத்திதான், பிள்ளைக்குப் பரீட்சை என்று அவள் வரவில்லை. வந்திருந்தால் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு பரிமாறுகிறவர்களைக் கண்ணாலேயே விரட்டியிருப்பாள்.

வருகிறார்கள். முதலில் ஒப்புட்டு, அதன் மேல் ஒரு கரண்டி நெய். வைக்கட்டும். இனிப்பு இப்போது எனக்குப் பகையாளி இல்லை, பழகாத ஆள், எதிரில் வந்தால் தலையசைத்துவிட்டு நடந்துவிடலாம். ஒருமுறை தெரியாமல் பழகினேன், பிரேமா வீட்டில் ஒரு கரண்டிப் பாயசம். உள்ளே போன கொஞ்ச நேரத்தில் நெஞ்சு படபடத்து, சட்டையெல்லாம் நனைந்து, கூடத்துத் தரையிலேயே படுத்துவிட்டேன். வயிற்றைச் சின்னதாக்கிக் குடலைத் திருப்பி இணைத்தவர்களுக்கு இனிப்பு அப்படித்தான் மடமடவென்று குடலுக்குள் ஓடும் என்று பிறகு ரூபிணி சொன்னாள். ரூபிணி, கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு முறை சொல்லித்தருகிற பெண். என் மகளைவிடச் சின்னவள், மகளைவிட அதட்டுவாள். "அய்யா, எலையோ தட்டோ, மொதல்ல பருப்பு, பயறு, முட்டை, பன்னீரு. அது உள்ள போனதுக்கப்புறம் காய். எடம் இருந்தா சோறு. இல்லாட்டிச் சோத்துக்கு லீவு உட்டுருங்க." முதல் தடவை கேட்டபோது சிரித்தேன். சோற்றுக்கு லீவு விடுகிற காலமும் வந்துவிட்டதே என்று. இப்போது இலையைப் பார்த்தால் கண் தானாகவே பிரித்துவிடுகிறது. கோஸ் பொரியல், அது பிறகு. உருளைக்கிழங்கு, அது வேண்டாம். பச்சைப்பயறு சுண்டல், நல்லது. பன்னீர்க் குருமா, அதில் துண்டுகள் மட்டும். மெதுவடை பெரிதாக இருக்கிறது, நடுவில் ஓட்டை, ஓரம் முறுகலாக, அதைப் பார்க்காமலிருப்பது நல்லது. சோறு வைக்க வந்தவனிடம் கையைக் குறுக்கே நீட்டி, "கொஞ்சமா வைங்க" என்றேன். "கெட்டிப் பருப்பு மட்டும் நல்லா ஊத்துங்க." அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். பெரியப்பா பார்த்தார். "ஏனுங்க மாமங்காரரே, ஆரம்பத்துலயே கையைக் குறுக்க வெக்கறீங்க?" என்றார். "பொறவு வாங்கிக்கறேனுங்க" என்றேன். பொய் இல்லை. எப்போது என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கை வைத்தேன். வரிசை முழுக்கக் கைகள் இறங்கின. முதல் வாய் பருப்பு, சோறில்லாமல், விரல் நுனியில் எடுத்தது. மெல்ல வேண்டியது எதுவும் அதில் இல்லை, ஆனாலும் மெல்கிறேன். நாக்கால் மேலண்ணத்தில் தேய்த்து, இடது பக்கம் கொண்டுபோய், வலது பக்கம் கொண்டுவந்து, அது தன்னுடைய உருவத்தையே மறந்த பிறகு விழுங்குவது. பிறகு கையை மடியில் வைத்துவிட்டுக் காத்திருப்பது. இறங்குவது எனக்குத் தெரியும். முன்பெல்லாம் தெரியாது. அறுபது வருஷம் சாப்பிட்டிருக்கிறேன், சாப்பாடு தொண்டைக்குக் கீழே எந்த வழியாகப் போகிறது என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. சங்ககிரியில் எடை மேடைக்காரனுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம். சாப்பாட்டு நேரம் என்று ஒன்று லாரிக்குக் கிடையாது. தூக்குப்போசியைத் திறந்து குழம்பை ஊற்றிப் பிசையும்போதுதான் ஒரு சிமெண்டு வண்டி வந்து நின்று ஆரன் அடிக்கும். வாயில் போட்டதை அப்படியே உள்ளே தள்ளிவிட்டு எழுந்து போவேன். வண்டி மேடையில் ஏறி நின்று, எஞ்சினை அணைத்து, ஆட்டம் அடங்கி, எடை நின்று, சீட்டு அடித்துக் கொடுத்துவிட்டு வந்து அடுத்த உருண்டை. அதற்குள் பின்னால் இன்னொரு வண்டி. என் வீட்டுக்காரி நாகமணி ஒருநாள் சாப்பாடு கொண்டுவந்தவள் ஸ்டூலில் உட்கார்ந்து நான் தின்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நீங்க திங்கறீங்களா, லோடு ஏத்தறீங்களா?" என்றாள். "லாரிக்காரன் போயிருவான்" என்றேன். "போனா எங்க போவான், எடை போடாம? மெல்லத் தின்னுங்க." அவள் எப்போதும் கடைசியில் சாப்பிடுவாள், அதுவும் ரொம்ப நேரம். ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் ஒரு கதை சொல்லிவிடுவாள். எனக்கு அது எரிச்சலாக இருக்கும். இப்போது நான் அவளைப் போல்தான் சாப்பிடுகிறேன், கதை சொல்லத்தான் எதிரில் ஆள் இல்லை. அவள் போன அன்றைக்கும் போசி வந்தது. பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்தனுப்பியிருந்தாள், சூடு ஆறவில்லை. நான் சாப்பிட்டு, போசியைக் கழுவிக் கவிழ்த்த பிறகு போன் வந்தது. சமையல்கட்டில் அப்படியே சாய்ந்துவிட்டாளாம். அன்றைக்கு என்ன குழம்பு என்று எனக்குத் தெரியவில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை. அவள் கையால் கடைசியாக வைத்த குழம்பு, நான்தான் சாப்பிட்டேன், நான் ஒருவன்தான், என்ன குழம்பு என்று தெரியவில்லை. இரண்டு வண்டிக்கு நடுவில் தின்றது. பருப்பா, தட்டைப்பயறா, கத்திரிக்காய் போட்டிருந்தாளா. வாயில் எதுவும் மிச்சமில்லை. எத்தனையோ தடவை அந்த மத்தியானத்துக்குத் திரும்பிப் போய்ப் போசி மூடியைத் திறந்து பார்க்கிறேன், உள்ளே ஆவி மட்டும் தெரிகிறது, ஆவிக்குக் கீழே நிறம் தெரியவில்லை.

"ரொம்ப எளச்சிட்டீங்களாட்ட இருக்குதுங்களே" என்கிறார் பெரியப்பா. என் பழைய போட்டோவை யாரோ காட்டியிருக்க வேண்டும். "சக்கரைங்களா?" "சக்கரை இருந்துதுங்க. இப்ப மாத்திரையே பாதி நிறுத்தியாச்சு." அவர் நம்பவில்லை. இளைத்தவனை யாரும் நம்புவதில்லை. குண்டாக இருந்தபோது எல்லாரும் சிரித்தார்கள், இளைத்தால் எல்லாரும் பயப்படுகிறார்கள். காலையில் கல்யாணப் பெண்ணுக்கு, என் தங்கை மகள் தாரணிக்கு, நெற்றிப்பட்டம் கட்ட மேடை ஏறியபோது பின்னால் ஒரு பெண் இன்னொருத்தியிடம் சொன்னது காதில் விழுந்தது, பெரிய வியாதியாம், பம்பாய்க்குக் கொண்டுபோனார்களாம். நான் பம்பாய் பார்த்ததே இல்லை. ஆனால் மேடைப் படிகளை மூச்சு வாங்காமல் ஏறினேன், பட்டத்தைக் கட்டும்போது கை நடுங்கவில்லை, குனிந்து நிமிர்ந்தேன், அதை அவர்கள் பார்க்கவில்லை. போன வருஷம் என்றால் என்னை மேடையேற்றவே ஒருவர் கை கொடுக்க வேண்டும். படுத்தால் மூச்சு நின்று நின்று வரும், நாற்காலியில் சாய்ந்தபடிதான் தூங்குவேன். பிரேமா அழுததற்காகத்தான் ஆபரேசனுக்கு ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொண்ட பிறகு எனக்கே ஒரு வெறி வந்துவிட்டது. முதல் மாதங்களில் எடை மளமளவென்று இறங்கியது. வேலை செய்கிற இடமே எடை மேடை, லாரி இல்லாத நேரத்தில் நானே ஏறி நின்று பார்ப்பேன், அது டன் கணக்குக்கான மேடை, என்னை மதிக்காது, கிட்டத்தட்ட ஒரு எண்ணைக் காட்டும். அதனால் வீட்டுக்கு ஒரு சின்ன மெசின் வாங்கினேன். இறங்குகிறதே என்ற சந்தோசத்தில் மோர் மட்டும் குடித்துக்கொண்டு கிடந்தேன். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. ஒருநாள் சீட்டு அடித்துக்கொண்டிருக்கும்போதே கண் இருட்டி மேசையில் சாய்ந்துவிட்டேன், ஒரு டிரைவர்தான் தூக்கி உட்கார வைத்தான். ரூபிணி அன்று அதட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. மெதுவாகச் சொன்னாள். "அய்யா, வேகமா எறங்கினாக் கொழுப்பு மட்டும் போவாது. சதையும் போவும், சத்தும் போவும். வீடு காலி பண்றவங்க குப்பையோட சேத்துச் சாமி படத்தையும் தூக்கிப் போட்டுட்டுப் போற மாதிரி. மெல்ல எறங்குங்க. எறங்கறது நிக்கோணும், அதான் முக்கியம்." இப்போது கொஞ்ச நாளாக எடை ஒரே இடத்தில் நிற்கிறது. பிரேமா போனில் கவலைப்பட்டாள். எனக்குக் கவலை இல்லை. மேடையில் ஏறின வண்டி முதலில் ஆடும், எண் மேலும் கீழும் ஓடும். புதுசாக வந்த டிரைவர் அப்போதே அவசரப்படுத்துவான். ஆட்டம் அடங்கி எண் ஒரு இடத்தில் நிற்கிறதல்லவா, அதுதான் எடை. மற்றதெல்லாம் ஆட்டம். உடம்பும் கொஞ்சம் நின்று தன்னை அளந்து பார்த்துக்கொள்கிறது என்று வைத்துக்கொண்டேன். பிறகு இறங்கும். நான் நிற்கத் தெரிந்தவன்.

பன்னீர்த் துண்டு. ஓரத்தில் கடித்து, மென்று, கையை மடியில் வைத்து. பந்தியில் இது நல்ல பன்னீர், ரப்பராக இல்லை. எதிரே தண்ணீர் பாட்டில், அதைத் தொடக் கூடாது, சாப்பாட்டோடு தண்ணீர் கிடையாது. கூடத்தின் வாசலில் கிட்டுசாமி தெரிகிறார். பெண்ணைப் பெற்றவர், பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் சாம்பார் வாளியை வாங்கி இரண்டு இலைக்கு ஊற்றிவிட்டு மறுபடி கொடுத்துவிடுகிறார். என் இலைப் பக்கம் வரவில்லை. பார்ப்பது மட்டும் தெரிகிறது. நாகமணியின் கருமாதிச் சாப்பாட்டிலும் இப்படித்தான் வாளி தூக்கிக்கொண்டு நின்றார். அது வரைக்கும் எனக்குப் பசி இல்லை. அந்தப் போசிச் சாப்பாட்டுக்குப் பிறகு எதை வாயில் வைத்தாலும் மண். கருமாதி அன்று தலை முழுகிவிட்டு வந்து இலையில் உட்கார்ந்ததும் எங்கிருந்தோ ஒரு பசி வந்தது. அந்த மாதிரிப் பசி எனக்கு அதற்கு முன்னாலும் பின்னாலும் வந்ததில்லை. வெட்கமே இல்லாத பசி. சோறு கேட்டேன், மறுபடியும் கேட்டேன், குழம்பு குழம்பாக ஊற்றச் சொன்னேன், எந்தக் குழம்பிலாவது அது இருக்கிறதா என்று தேடுகிற மாதிரி. அப்போதுதான் கிட்டுசாமி, வாளியும் கையுமாக, நாலு பேர் கேட்கச் சொன்னார். "அட, மச்சானுக்கு இன்னொரு எலை போடுங்கப்பா, ஒண்ணு பத்தாதாட்டிருக்குது." சிலர் சிரித்தார்கள். துக்க வீட்டில் கொஞ்சம் சிரிக்க யாராவது ஒன்று சொல்ல மாட்டார்களா என்று எல்லாரும் காத்திருந்தார்கள், அவர் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. வாய்தான். நான் இலையை மூடினேன். அதற்குப் பிறகு அவர் வீட்டில் கை நனைக்கவில்லை. போவேன், வருவேன், தாரணிக்கு வளையல் வாங்கிக் கொடுப்பேன், காப்பி என்றால் இப்பத்தான் குடித்தேன் என்பேன். சம்பூர்ணம் முதல் பத்திரிகையை எடுத்துக்கொண்டு தனியாக வந்தாள். அவள் அழவில்லை. "எம்புள்ள கல்யாணத்துலயாச்சும் கை நனைச்சிருங்கண்ணா. நீங்க மாமன் பந்தியில எலைய மூடிட்டுப் போனீங்கன்னா நாளைக்கு அவளத்தான் சொல்லுவாங்க, மாமன் வயிறு குளுராத பொண்ணுன்னு." சரி என்றேன். அப்போதே வயிற்றைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. ஆனால் அவள் வீட்டில் போய்ச் சொல்வாள், அவர் கேட்பார், அடுத்த பந்தியில் ஒரு வரி கிடைத்துவிடும், வாயைக் கட்ட முடியாதவன் வயிற்றை வெட்டிக்கொண்டான் என்று. அது எனக்கே பல தடவை தோன்றிய வரி. என் வாயிலிருந்து வந்தால் தாங்கிக்கொள்வேன்.

இப்போது ஒரு சத்தம் குறைந்திருக்கிறது. அப்பளம் நொறுங்குகிற சத்தம் இல்லை. ரசம் வந்து போய்விட்டது, மோர் வந்து போய்விட்டது, பெரியப்பா இலையை வழித்துத் துடைத்துவிட்டுக் கையை மேலே தூக்கியபடி உட்கார்ந்திருக்கிறார். வரிசை முழுக்க அப்படித்தான், கைகள் காய்கின்றன. எல்லாரும் முடித்துவிட்டார்கள். நாற்காலிகளுக்குப் பின்னால் அடுத்த பந்திக்காரர்கள் வந்து நின்று முதுகுகளைப் பிடித்துக்கொண்டார்கள், என் நாற்காலியையும் யாரோ பிடித்திருக்கிறார்கள், அவர் மூச்சு என் பிடரியில் படுகிறது. என் இலையில் பருப்பு பாதி, சுண்டல் பாதி, மற்றதெல்லாம் அப்படியே. "மெல்லச் சாப்புடுங்க, ஒண்ணும் அவசரமில்ல" என்கிறார் பெரியப்பா, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. கொஞ்சம் தள்ளி ஒரு குரல், "மாமங்காரரு தொடவே மாட்டேங்கறாரே." இன்னொரு குரல், "என்ன வருத்தமோ." அது போதும். பழைய ஆரன் சத்தம் காதில் கேட்டுவிட்டது. பின்னால் வண்டி நிற்கிறது, எழு, எழு. என்ன செய்கிறேன் என்று தெரிவதற்குள் கை போய் வடையைப் பிய்த்து, பெரிய துண்டு, சாம்பாரில் தொட்டு, வாயில் போட்டு, இரண்டு கடி, உள்ளே தள்ளிவிட்டது. அறுபது வருஷத்துப் பழக்கம், ஏழு மாதம் அதற்கு முன்னால் என்ன செய்யும். அது இறங்கவில்லை. மார்புக்கு நடுவில் வந்து நின்றது. ஒரு கல் மாதிரி, கல்லுக்குக் கீழே ஒரு கை வைத்துத் தடுக்கிற மாதிரி. வாயில் எச்சில் நுரைத்து ஊறுகிறது. நெற்றி வேர்க்கிறது. தண்ணீர் குடித்தால் மேலே வரும், எழுந்தால் மேலே வரும், பேசினால் மேலே வரும். இந்தக் கூடத்தில், மாமன் பந்தியில், மாமன் இலையிலேயே. பயம் ஓடிப்போய் எங்கெங்கோ நிற்கிறது. உள்ளே தையல் பிரிந்திருந்தால். இங்கேயே சாய்ந்துவிட்டால் தாரணி மாலையோடு ஓடி வருவாள். நாகமணி சாய்ந்தபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்ததாம், பக்கத்து வீட்டுக்காரி வந்து அணைத்தாளாம். அடுப்பில் என்ன இருந்தது என்று அவளிடம் கேட்டேனா. கேட்கவில்லை. கேட்டிருந்தால். இல்லை, நில். தையல் எப்போதோ ஆறிவிட்டது, இது வடை, வெறும் வடை, ஊறினால் கரையும் உளுந்து. ரூபிணி சொல்லியிருக்கிறாள், சிக்கினால் பயப்படாதீர்கள், நிமிர்ந்து உட்காருங்கள், எதையும் மேலே போடாதீர்கள், அது தன் நேரத்தில் போகும். எச்சிலைத் துண்டில் துப்பினேன், முகம் துடைக்கிற மாதிரி. நிமிர்ந்தேன். எஞ்சினை அணைத்தாயிற்று. ஆட்டம் அடங்கட்டும்.

சம்பூர்ணம் வந்துவிட்டாள். தூரத்திலிருந்தே என் முகத்தைப் பார்த்திருப்பாள். "அண்ணா" என்றாள். பேச முடியாமல் கையை அசைத்தேன், வரிசையைக் காட்டி, எழுந்திருக்கச் சொல்லி. அவளுக்குப் புரிந்தது பாதி, பெரியப்பாவிடம் திரும்பி, "அண்ணன் மெல்லத்தான் சாப்புடும், நீங்க கை கழுவுங்க, அண்ணனே சொல்லுது" என்றாள். பெரியப்பா தயங்கினார். நான் சிரித்தேன். நெஞ்சில் கல்லை வைத்துக்கொண்டு சிரிப்பது எப்படி என்று கேட்டால் சொல்லித்தருவேன். அவர் எழுந்தார், வரிசை எழுந்தது. சம்பூர்ணத்தை யாரோ கூப்பிட்டார்கள், திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனாள். மேசையின் அந்தக் கோடியிலிருந்து இலை எடுக்கிறவன் ஆரம்பித்துவிட்டான். மேசைக்கு விரித்த காகிதத்தை இலைகளோடு சேர்த்துச் சுருட்டிக்கொண்டே வருகிறான், சுருட்டச் சுருட்டக் காகிதம் தடிக்கிறது, ஒப்புட்டும் சோறும் எச்சில் இலையும் உள்ளே உள்ளே போகின்றன. என் இலை கடைசி. அவன் வருவதற்குள் நான் இலையை மூடலாம். மூடினால் ஒரு பேச்சு. மூடாமல் வடையை ஒதுக்கிவிட்டு இன்னும் நாலு வாய் அவசரமாக உள்ளே தள்ளினால் அந்தப் பேச்சு இல்லை, என் உடம்பு அதற்கு விலை கொடுக்கும். இரண்டும் செய்யப்போவதில்லை. அது எப்போது முடிவானது என்று தெரியவில்லை, ஆனால் முடிவாகியிருந்தது. என்னுடைய அளவு இந்த இலையில் இன்னும் மிச்சமிருக்கிறது. சுண்டல் இருக்கிறது, பருப்பு இருக்கிறது. அதை நான் சாப்பிடுவேன், என் வேகத்தில். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். சுருள் பக்கத்து இலை வரைக்கும் வந்துவிட்டது. "எடுத்துக்கட்டுங்களா?" என்றான். தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. அவனுக்குப் புரியவில்லை, பந்தி முடிந்து உட்கார்ந்திருக்கிற ஆளை அவன் பார்த்ததில்லை போலிருக்கிறது, கையை நீட்டினான்.

"அந்த எலைய எடுக்காத." கிட்டுசாமியின் குரல். வாளி கையில் இல்லை. மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டே வந்து, பெரியப்பா உட்கார்ந்திருந்த நாற்காலியை இழுத்தார். "இவருக்குப் பக்கத்துல எனக்கு ஒண்ணு போடு." இலை எடுக்கிறவன் விழித்தான். "பொண்ணப் பெத்தவிய கடேசிப் பந்தியில்லீங்களா?" "எனக்குப் பசிக்குது. போடு." உட்கார்ந்தார். புதுக் காகிதம் விரித்தார்கள், என் இலைக்கு முன்னால் வெட்டிவிட்டார்கள். அடுத்த பந்திக்காரர்கள் சலசலவென்று வந்து நிறைந்தார்கள். என் நாற்காலியைப் பிடித்திருந்தவர் வேறு இடம் பார்த்துப் போனார். கிட்டுசாமி என் இலையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி இலை. "என்னுங்க மச்சான், ஒடம்புக்கு என்ன? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க." அந்த நேரத்தில்தான் அது அசைந்தது. மார்புக்கு நடுவிலிருந்து மெல்ல, ஒரு விரற்கடை, நின்று, மறுபடி ஒரு விரற்கடை, பிறகு வழி விட்ட மாதிரி இறங்கிப் போயிற்று. நெஞ்சு காலியானது. மூச்சை இழுத்துவிட்டேன். குரல் வந்தது. "ஒடம்புக்கு ஒண்ணுமில்ல மாப்ள. வயித்தச் சின்னது பண்ணிக்கிட்டேன். ஆபரேசன். மெல்லத்தான் எறங்கும், கொஞ்சந்தான் போவும்." "எப்பங்க?" "ஆடியில." "ஆடியிலயா? சொல்லவே இல்லீங்களே." "சொல்லியிருந்தா அதையும் நீங்க ஒரு பந்தியில எடுத்து உட்டிருப்பீங்க." கோபமாகச் சொல்லவில்லை, எனக்கே ஆச்சரியம், எண்ணைப் படித்துச் சீட்டு அடிக்கிற மாதிரி வந்தது. கிட்டுசாமி தன் இலைப் பக்கம் குனிந்தார். தண்ணீர் தெளித்துப் புறங்கையால் இலையை வழித்தார். பிறகு இன்னொரு தடவை வழித்தார். அந்த இரண்டாவது வழிப்பு எனக்குத் தெரியும்.

பரிமாறுகிறவர்கள் வந்தார்கள். ஒப்புட்டு வைக்க வந்தவனை, "அவருக்கு வேண்டாம், அக்கட்டப் போ" என்றார். சோற்றுக்காரனையும் விரட்டினார். "உங்களுக்கு எது ஆவும், அதச் சொல்லுங்க." "கெட்டிப் பருப்பு. சூடா இருந்தா." எழுந்து போய் அவரே கரண்டியோடு வந்து என் இலையில் ஒரு கரண்டி, ஒரே கரண்டி, ஊற்றிவிட்டு உட்கார்ந்தார். "எம்புட்டு நேரமாவும் மச்சான்?" "இந்தப் பந்தி முச்சூடும் ஆவும்." "ஆவட்டும். வாசல்ல என்ற தம்பி நிக்கறான், வர்றவீகள அவன் பாத்துக்குவான்." அவர் ஒரு வாய் எடுத்தார், மென்றார். நான் இன்னும் முதல் வாயையே எடுக்காததைப் பார்த்துவிட்டு, அடுத்ததை எடுக்கப் போன கையை மடியில் வைத்துக்கொண்டார். கை கழுவுகிற இடத்திலிருந்து பெரியப்பாவின் குரல் கேட்கிறது, யாரிடமோ சொல்கிறார். "அவருக்கு என்ன கொறைங்கறேன்? ரெண்டாம் பந்திக்கும் எந்திரிக்காமத் திங்கறாரு, நீ என்ன பேசற." கிட்டுசாமிக்கும் அது கேட்டது. வாய் ஒரு பக்கம் கோணியது, ஏதோ சொல்ல வந்தது, சொல்லாமல் பருப்போடு விழுங்கிவிட்டார். நான் விரல் நுனியில் எடுத்து நாக்கில் வைத்தேன். துவரம்பருப்பு, குழைய வெந்தது. பூண்டைத் தட்டிப் போட்டிருக்கிறார்கள், அரைக்கவில்லை. சீரகம் உண்டு. மிளகாய் கிள்ளிப் போட்டது, காம்பு ஒன்று பல்லில் தட்டுகிறது, எடுத்து ஓரமாக வைத்தேன். தாளிப்பு நெய்யில் இல்லை, கடலெண்ணெய். கடைசியில் கொஞ்சம் புளிப்பு, அது தக்காளி, புளி இல்லை. விழுங்கினேன். இறங்குகிறது. கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன். இன்றைக்கு என்ன பருப்பு என்று இனி எத்தனை வருஷம் கழித்து யார் கேட்டாலும் என்னால் சொல்ல முடியும்.